உதவி எந்த மாதத்தில் வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு வேளாண் உதவி என்றாலே எத்தனை கோடி டாலர் என்றுதான் பேச்சு தொடங்குகிறது. ஒன்றிரண்டு ஏக்கரில் பாடுபடுகிறவருக்கு அந்தக் கணக்கால் ஆவது எதுவுமில்லை. உதவி எந்த மாதம் வரும், அது நின்றுபோனால் தன் நிலத்தில் என்ன மிஞ்சும் என்பதே அவருடைய கவலை.

அறுவடை முடிந்த கையோடு சிறு விவசாயி விற்றாக வேண்டும். கடன்காரர் வாசலில் நிற்பார், தானியத்தைப் பத்திரமாகச் சேர்த்துவைக்க இடமும் இருக்காது. ஊரே ஒன்றாக விற்பதால் விலை ஏற்கெனவே இறங்கியிருக்கும். அந்த நேரம் பார்த்து இலவச தானியம் வந்து குவிந்தால் அவர் உழைப்புக்கு விலையே இல்லாமல் போகும். ஆனால் அடுத்த விளைச்சல் வருவதற்குள் வீட்டுக் குதிர் காலியாகி, அதே விவசாயி சந்தையில் வாங்கிச் சாப்பிடும் மாதங்கள் உண்டு. அப்போது வரும் தானியம் குழந்தைகளின் பசியைத் தீர்க்கும், அடுத்த பருவத்துக்கான விதையைத் தின்றுவிடாமல் காக்கும். ஆகவே உணவு உதவியே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்கா 1954-இல் பி.எல். 480 என்ற உணவு உதவிச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, பசி தீர்ப்பதோடு சொந்த நாட்டில் தேங்கிக் கிடந்த உபரி தானியத்தைக் கரையேற்றுவதும் நோக்கமாக இருந்தது. உதவி தானியத்தில் ஒரு பங்கை அந்நாட்டுக் கப்பல்களிலேயே ஏற்ற வேண்டும் என்ற விதியும் உண்டு. கப்பல் போய்ச் சேர மாதங்கள் ஆகும். வறட்சிக்கென்று அனுப்பிய தானியம் நல்ல விளைச்சலின் நடுவே இறங்க நேர்வது இப்படித்தான். கனடா 2008-இல் இத்தகைய கட்டுப்பாடுகளை முழுவதும் நீக்கி, தானியத்தை எங்கிருந்தும் வாங்கலாம் என்று ஆக்கியது. மற்ற நாடுகளும் அதைப் பின்பற்ற வேண்டும்.

உதவியோடு ஒட்டிக்கொண்டு வரும் நிபந்தனைகள் இன்னும் ஆழமாகக் காயப்படுத்தும். கரீபியன் நாடான ஹைட்டியில் அரிசிக்கான இறக்குமதி வரி, உதவிக்கு நிபந்தனையாக, 1995-இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மானியம் பெற்ற அமெரிக்க அரிசி சந்தையை நிறைத்தது. ஆர்டிபோனிட் சமவெளியின் நெல் விவசாயிகளால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. முன்னாள் அதிபர் பில் கிளிண்டன் 2010-இல் அமெரிக்க செனட் குழுவின் முன் அந்தக் கொள்கை தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நிலத்தை விட்டுப் போனவர்களை அந்த வார்த்தை திரும்பக் கொண்டுவரவில்லை.

ஆப்பிரிக்க நாடான மலாவியின் கதை வேறு. 2005-இல் மக்காச்சோளம் பொய்த்துப் பஞ்சம் வந்ததும், உதவி தரும் தரப்புகளில் பலரின் தயக்கத்தையும் மீறி, அரசு தன் பணத்திலேயே உரத்துக்கும் விதைக்கும் மானியக் கூப்பன் கொடுத்தது. அடுத்த பருவங்களில் விளைச்சல் வெகுவாகக் கூடியது. ஆனால் உரம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்ததால், அதன் விலை ஏறியபோதெல்லாம் திட்டம் தள்ளாடியது. ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கியே தீர வேண்டிய இடுபொருளின் மேல் எழுப்பும் உதவிக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு மரவள்ளி மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. செடியின் நுனிக் குருத்தில் வெள்ளை மாவாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். இலைகள் சுருண்டு கொத்தாகி, கணு இடைவெளி குறுகி, கிழங்கு பருக்காமல் போகும். கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவு அது. மருந்து வாங்கி அடிக்கக் கையில் காசில்லாதவர்களின் பயிரும் அதுதான். நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தின் ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான குழு, பராகுவேயில் கிடைத்த ஒரு சின்னஞ்சிறு குளவியைச் சோதித்து வளர்த்து, 1981 முதல் வெளியில் விட்டது. அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே வளரும் புழு பூச்சியைத் தின்று, கூட்டைத் துளைத்துக் குளவியாக வெளியே வரும். விவசாயி ஒரு காசும் செலவழிக்கவில்லை, எந்தப் படிவமும் நிரப்பவில்லை. நாடு நாடாகப் பரவிய அந்தக் குளவி அங்கேயே நிலைகொண்டுவிட்டது. வெளிநாட்டுப் பணத்தில் நடந்த வேலைதான் இதுவும். ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

கொள்முதலும் ஒரு நல்ல வழிதான். உலக உணவுத் திட்டம் 2008-இல் சிறு விவசாயிகளிடமே தானியம் வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஈரப்பதம் பார்த்து, தரம் பிரித்து, பணம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகிவிட்டால், காத்திருக்க முடியாதவர் விலை குறைவானாலும் கைமேல் காசு தரும் வியாபாரியிடமே மூட்டையைக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பணத்தை விரைவாகப் பட்டுவாடா செய்வது உதவி நிறுவனத்தின் கடமை.

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளைத் திடீரென நிறுத்தி வைத்தது. தெற்கு ஆப்பிரிக்காவில் மக்காச்சோளம் வயலில் நிற்கும் மாதம் அது. அமெரிக்கப் பணத்தில் இயங்கி, பஞ்சம் வருமுன் எச்சரிக்கும் ஃபியூஸ் நெட் இணையதளம்கூட அந்த மாதக் கடைசியில் முடங்கியது. கொடுக்கிறவர் நிறுத்தலாம், அது அவர் உரிமை என்று சொல்வார்கள். நம்பி நாற்று விட்டவருக்கும் உரிமை உண்டு என்பேன். குறைந்தது மூன்று, நான்கு பருவங்களுக்கு உறுதி கொடுத்து, எப்போது முடியும் என்பதைத் தொடங்கும் நாளிலேயே விவசாயிகளிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். நடுவில் நிறுத்த நேர்ந்தாலும், நிலத்தில் நிற்கும் பயிர் அறுவடையாகும் வரை பணம் வர வேண்டும். உதவி ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் இந்த இரண்டு வரிகளும் இடம்பெற வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.