வீட்டு அடுப்படியா, டவுன் சாப்பாட்டுக் கடையா? மலேசியா, சுங்கை சிப்புட் பட்டிமன்றத்தில் கடை அணியின் உரை

நடுவர் ஐயா, எதிரணி, சுங்கை சிப்புட் பெருமக்களே, வணக்கம். நேரம் கம்மி, வணக்கத்துக்கு இவ்வளவுதான்.

மத்தியான சாப்பாடு ருசிக்கிறது வீட்டு அடுப்படியிலா, டவுன் கடையிலா? நான் கடைக்காகப் பேச வந்தவன். வாழையிலை, சுடுசோறு, கோழிப் பிரட்டல், மோர் மிளகாய்னு பட்டியல் எழுதிட்டு வந்தேன். மடிச்சுப் பையில வச்சிட்டேன். ஏன்னா எனக்கு முன்னால பேசின அக்கா ஒண்ணு சொன்னாங்க: "பொண்டாட்டி கையால சோறு கிடைக்காதவன்தான் கூட்டாளிகளோட கடை கடையா அலைவான்." நீங்களும் கைத்தட்டினீங்க. முன்வரிசை அம்மாமாருங்க ரெண்டு தடவ தட்டினாங்க.

அக்கா, சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். போன ஞாயித்துக்கிழமை என் மேசையில, எனக்கு எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டது உங்க வீட்டுக்காரரு.

ஐயா, மணி அடிக்காதீங்க, இப்பத்தான் ஆரம்பிக்குது.

முதல் சோறு பருப்புக்கு. ரெண்டாவது நண்டுக் குழம்புக்கு. அப்ப போன் அடிக்குது. யாரு? அக்கா! அண்ணன் வாயில நண்டுக் கால். "எங்க இருக்கீங்க?" "கார் பட்டறையிலம்மா." கடைப் பையன் பின்னால நின்னு, "அண்ணே, இன்னும் சோறு போடவா?"ங்கிறான். "பட்டறையில யாருங்க சோறு போடுறது?" அண்ணன் அசரல. "மெக்கானிக் நல்ல மனுசன்மா."

பின்வரிசைக்குக் கேட்கலையாம், திரும்பச் சொல்றேன். வாயில நண்டுக் கால். கையில போன். "மெக்கானிக் ரொம்ப நல்ல மனுசன்மா!"

சிரிங்க அக்கா. மிச்சத்த ராத்திரி வீட்டுல விசாரிச்சுக்கலாம்.

ஆனா உங்க கைப்பக்குவத்துல குறை இருந்தா அவரு வந்தாரு? நாங்க எல்லாம் ஒரே ரப்பர் தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடு. 1948 ஜூன்ல தோட்டத் துரைமார் மூணு பேரச் சுட்டு அவசரகாலம் வந்தது நம்ம ஊர்லதான். காட்டுல இருந்த கம்யூனிஸ்ட் போராளிங்களுக்குப் போயிடும்னு அரிசிக்கு அளவு வச்சாங்க, டின் மீன விக்கும்போதே ஓட்டை போட்டாங்க. பல இடத்துல பால்வெட்டுக்குச் சோறு கட்டிட்டுப் போகவே தடை. மரத்தடியில சேர்ந்து சாப்பிட முடியாதவங்களோட பேரப் பிள்ளைங்க நாங்க. கூட்டாளியோட உட்கார்ந்து மறுசோறு கேட்டா அலையுறதா?

வீடு வீடுங்கிறீங்க, எந்த வீடு? தோட்டங்கள துண்டு போட்டு வித்தப்ப, அப்ப அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாரு. நம்ம சனத்தோட காசுலயே தோட்டம் வாங்கினாரு. எங்க தோட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. பால்மரம் போயி செம்பனை வந்துச்சு, லயத்த இடிச்சிட்டாங்க. ஒருத்தன் ஜொகூர்ல, ஒருத்தன் கிள்ளான்ல. ஊருக்கு வந்தா எந்த அடுப்படிக்குப் போவான்? கடைக்குத்தான் வர்றான், கடைக்காரம்மா எங்க லயத்து ஆளு.

எங்க கூட்டாளி ஒருத்தன் அம்மாவுக்குக் காரியம் முடிச்சிட்டு நேரா அங்கதான் வந்தான். ரசம் ஊத்தினதும் உடைஞ்சு அழுதுட்டான். அவன் அம்மா வைக்கிற மாதிரியே இருந்துச்சாம். கடைக்காரம்மா சொன்னாங்க, "அவதான்டா எனக்குச் சொல்லிக் கொடுத்தா." அன்னிக்கு எங்க மேசைக்குக் காசு வாங்கல.

மணி அடிச்சிட்டாரு. தீர்ப்பு எப்படியும் போகட்டும். அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை அண்ணனோட நீங்களும் வாங்க, ஒரு நாற்காலி போட்டுக்கலாம். வணக்கம்.