செயற்கைக்கோள் படத்துக்கு எந்தத் திருத்தம்: கருவிக்கா, காற்றுக்கா?

[திரையில்: லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் எடுத்த படம். ஒரு பிக்சல் பெரிதாகிறது. மதிப்பு 10000]

வணக்கம். இந்தப் பிக்சலில் 10000 என்று இருக்கிறது. இது ஒளியின் அளவும் இல்லை, நிலத்தின் குணமும் இல்லை. சென்சார் பதிந்ததைக் கோப்பில் சேமிக்க வைத்த எண், அவ்வளவுதான். இதை இயற்பியல் அளவாக மாற்றுவதுதான் ரேடியோமெட்ரிக் காலிபரேஷன்.

[திரையில்: எம்டிஎல் கோப்பு]

படத்தோடு வரும், அதன் விவரங்கள் அடங்கிய எம்டிஎல் கோப்பைத் திறந்து பாருங்கள். 0.00002 ஆல் பெருக்கி 0.1 கழிக்கச் சொல்கிறது. விடை 0.1. அதைச் சூரியனின் உயரக் கோணத்துக்கான சைன் மதிப்பால் வகுக்க வேண்டும். சூரியன் 60 டிகிரியில் இருந்தால் 0.115, 30 டிகிரியில் இருந்தால் 0.2. அதே 10000தான், விடை சுமார் 1.7 மடங்கு! மூல எண்களை வைத்துக் கோடைப் படத்தையும் குளிர்காலப் படத்தையும் தயவுசெய்து ஒப்பிடாதீர்கள்.

சரி, இதுவரை கிடைத்தது வளிமண்டலத்தின் உச்சியில் தெரியும் எதிரொளிப்பு, அதாவது விழும் ஒளியில் எவ்வளவு பங்கு திரும்புகிறது என்பது. நடுவில் காற்று இருக்கிறதே?

[திரையில்: நீல பேண்டு, அருகில் அகச்சிவப்பு பேண்டு]

காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைகளைத்தான் அதிகம் சிதறடிக்கும். நீல பேண்டு, அதாவது நீல ஒளியை மட்டும் பதிந்த படம், வெளிறிப்போய்த் தெரிவது அதனால்தான். தூசியும் புகையும் தங்கள் பங்குக்கு ஒளியைக் கூட்டும், நீராவி சில அலைநீளங்களை விழுங்கிவிடும். இவற்றை நீக்கி நிலத்தின் எதிரொளிப்பை மீட்பது வளிமண்டலத் திருத்தம். காலிபரேஷனுக்கான எண்கள் கோப்பிலேயே இருக்கின்றன. இங்கே அந்த நேரத்துக் காற்றை நாமே மதிப்பிட வேண்டும், அதனால் பிழைக்கும் இடம் அதிகம்.

ஒரு பயிர்நிலத்தில் திருத்துவதற்கு முன் எதிரொளிப்பு சிவப்பில் 0.08, அண்மை அகச்சிவப்பில் 0.30 என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் பசுமைக் குறியீடான என்டிவிஐ 0.58. திருத்தியபின் 0.05, 0.32 என்று மாறினால் என்டிவிஐ 0.73. பயிர் அதேதான்!

கடல் நிறத்தை ஆராய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே நீல அலைகளில் சென்சாருக்கு வரும் ஒளியில் சுமார் 90% காற்றிலிருந்து வருவது.

ஆனால் ஒரே நாளின் ஒரே படத்தில் பயிற்சி மாதிரிகள் எடுத்து நிலப்பயன்பாட்டை வகைப்படுத்துகிறீர்களா? பெரும்பாலும் வளிமண்டலத் திருத்தம் தேவைப்படாது. பல தேதிகளை ஒப்பிடும்போது அவசியம்.

[திரையில்: லெவல்-2 கோப்பின் பெயர்]

லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2, லெவல்-2 படத்தை இறக்கியிருந்தால் இரண்டு வேலையும் முடிந்தே வந்திருக்கும். 0.0000275 ஆல் பெருக்கி 0.2 கழித்தால் போதும். அதன்மேல் இன்னொரு முறை வளிமண்டலத் திருத்தம் ஓட்டாதீர்கள்.