ஏட்டுச் சுரைக்காயும் ஊர்ப் பதிவேடும்

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் நமக்காக வந்து, நான் பேசி முடிக்கும்வரை இருப்பதாக வாக்கும் கொடுத்திருக்கும் மாவட்ட வன அலுவலர் அவர்களே, இந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அவர்களே, முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே! பதவிக்காலம் முடிந்துவிட்டது என்றுதான் அழைப்பிதழில் போட்டிருக்கிறது. ஆனால் அம்மா உள்ளே நுழைந்ததும் ஊரே ‘தலைவரே’ என்றுதான் எழுந்து நின்றது. நானும் அப்படியே கூப்பிட்டுவிடுகிறேன். வனச்சரகர், வனவர், வனக்காப்பாளர்களே, சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களே, மரத்தடியில் நின்றபடியே கேட்கும் ஊர்ப் பெரியவர்களே, முன்வரிசையில் அசையாமல் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

வரவேற்புரை ஆற்றிய ஆசிரியர் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி எனக்கே புதிது. அன்புக்கு நன்றி. ஒலிபெருக்கி தம்பியை யாரும் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு வணக்கம். அவர் மனம் வைத்தால்தான் நான் பேசுவது கேட்கும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கிராமப்புற இளைஞர்களும் இயற்கை வளப் பாதுகாப்பும்’. இதை மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். காட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது முதலாவது. காட்டுயிரைப் பற்றி எப்படி என்பது இரண்டாவது. மூன்றாவது தண்ணீர். நேரம் இருந்தால் மூன்றையும் பார்ப்போம்.

முதலில் காடு. நம் பள்ளிகளில் காட்டுப் பாடம் என்றால் மரக்கன்று நடுவிழா. குழி வெட்டுவோம், கன்று வைப்போம், படம் எடுப்போம். அடுத்த ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று. அந்த இடத்தில் என்ன மரம் வரும், அங்கே மரம் வரத்தான் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. பொட்டல் என்று நாம் சொல்லும் இடம் பல உயிர்களுக்கு வீடு. வானம்பாடி புல்தரையில்தான் கூடு வைக்கும். ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும். அங்கே வரிசையாக மரம் நட்டால் இரண்டுக்கும் இடம் இல்லை. சீமைக்கருவேலத்தைக் கொண்டுவந்தவர்களும் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. வறண்ட ஊர்களில் அடுப்புக்கு விறகு கிடைக்கட்டும் என்றுதான் பரப்பினார்கள். இன்று அதைக் கண்மாயிலிருந்து எடுக்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் நட்டதன் விளைவு அது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னோடு பழகியவர்களுக்கு இந்தப் பழமொழி சலித்திருக்கும். எனக்கு இன்னும் சலிக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு அமேசான் காட்டின் அடுக்குகள் மனப்பாடம். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கரட்டில் நிற்பது உசிலையா வெள்வேலா என்று கேட்டால் ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறார்கள். பாவம், ஆசிரியர் என் முகத்தைப் பார்க்கிறார்.

தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். செங்கல்பட்டுப் பக்கம் இருளர் பழங்குடியினர் 1978இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். பாம்புக்கடிக்கான மருந்து தயாரிக்க அந்த நஞ்சுதான் போகிறது. அவர்களில் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பைத் தேடிப் பிடிக்க அந்த ஊர் ஆராய்ச்சியாளர்கள் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். தடம் பார்த்தே பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. பல்கலைக்கழகமே தேடி வந்த அறிவை நம் பள்ளிக்கூடம் ஒரு நாளாவது வகுப்பறைக்குக் கூப்பிட்டதா?

இனி நான் எங்கே வரப்போகிறேன் என்று வன அலுவலருக்குத் தெரிந்துவிட்டது, சிரிக்கிறார். ஆமாம் ஐயா, பதிவேட்டுக்குத்தான்.

2002இல் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் வந்தது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது அதன் 41ஆவது பிரிவு. அந்தக் குழுவின் தலையாய வேலை மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது. ஊரில் உள்ள மரம், செடி, மீன், பறவை, ஆடு மாடு இனம், விதை எல்லாவற்றையும், அவற்றைப் பற்றி ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததையும் அதில் எழுத வேண்டும். உங்கள் ஊர் எல்லைக்குள் ஒரு மூலிகையை வியாபாரத்துக்காக அள்ளிப் போகிறவரிடம் கட்டணம் வாங்கும் அதிகாரத்தைக்கூட 2002இல் வந்த அந்தச் சட்டம் அந்தக் குழுவுக்குக் கொடுத்தது. இதையெல்லாம் மேற்பார்வை பார்க்கும் தேசிய ஆணையம் டெல்லியில் இல்லை, நம் சென்னையில்தான் இருக்கிறது.

பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2019இல், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தது: 2020 ஜனவரி முடிவதற்குள் எல்லா ஊரிலும் பதிவேடு முடிய வேண்டும், இல்லையென்றால் பிப்ரவரியிலிருந்து மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அப்புறம் பாருங்கள் வேகத்தை! நாடு முழுக்க லட்சக்கணக்கில் பதிவேடுகள் முளைத்தன.

அப்படி முளைத்த ஒன்றைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஊர் பேர் வேண்டாம். கடல் எந்தத் திசை என்று விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அப்படி ஒரு வறண்ட ஊர். சில பள்ளிப் பிள்ளைகளோடு ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைக் கேட்டோம். பீரோவில் இருக்கிறது என்றார்கள். பீரோ சாவி ஒருவரிடம், அவர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். காத்திருந்தோம். சாவி வந்தது, பீரோ திறக்கவில்லை. ஒருவர் தள்ள, ஒருவர் இழுக்க, ஒரு வழியாகத் திறந்து பதிவேட்டை எடுத்தார்கள். பளபளவென்று அட்டை, அதன் மேல் மயில். ஒரு பக்கத்தில்கூடக் கை பட்ட அடையாளம் இல்லை.

திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகள் சத்தமாகப் படித்தார்கள். ஆடு மேய்க்கிற பாட்டி ஒருவர், வெயிலுக்கு ஒதுங்கியவர், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வேம்பு, ஆமாம். ஆவாரை, ஆமாம். முயல், இருக்கு, குறைஞ்சு போச்சு. சோலைமந்தி என்றான் பையன். அது என்ன என்று கேட்டார் பாட்டி. மேற்குமலைச் சோலைக்காட்டில் வாழும் குரங்கு என்றேன். “இங்கே சோலையே இல்லையே?” என்றார். பையன் பக்கத்தைப் புரட்டினான். “கடற்பசு” என்றான்.

பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “பசு எங்க ஊர்ல இருக்கு சாமி. கடலை எங்க வச்சிருக்கீங்க?”

கடற்பசு என்பது கடலடிப் புல்லை மேயும் விலங்கு. அதற்குப் பாக் விரிகுடாவில் 2022இல் அரசு 448 சதுர கிலோமீட்டருக்குத் தனிக் காப்பகமே அறிவித்தது. இந்தியாவிலேயே முதலாவது. அந்தக் கரையோர ஊர்களின் ஏட்டில் இருக்க வேண்டிய பெயர், யாரோ கணினியில் நகலெடுத்து ஒட்டியதில் இந்த ஊருக்கு நடந்தே வந்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. பாட்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. “வாங்க, நான் காட்டுறேன்” என்று பிள்ளைகளைக் கரட்டுக்குக் கூட்டிப்போனார். எந்தத் தழையை ஆடு தின்னாது, எந்தப் பாறை இடுக்கில் கோடையிலும் ஈரம் இருக்கும், ஆந்தை எங்கே அடைகிறது, முன்பு வந்து இப்போது வராத பறவை எது என்று சொல்லிக்கொண்டே போனார். பிள்ளைகள் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார்கள். ஒருவன், நன்றாகப் படிக்கிற பையனாக இருக்க வேண்டும், “பாட்டி, இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?” என்றான். “ஆடு தொலைஞ்சா வரும்” என்றார் பாட்டி.

சிரியுங்கள், சிரித்துவிட்டுக் கேளுங்கள். அன்று மாலைக்குள் அந்த நோட்டில் இருந்தது பீரோவில் இருந்ததைவிட நல்ல பதிவேடு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஏட்டில் எழுதுகிறவன் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து எழுதினால் உதவும்.

எப்படி உதவும் என்று கேட்கிறவர்கள் மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேரை அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுவே முதல். வல்லூறு, ராசாளி உட்பட சுமார் 250 வகைப் பறவைகள், மலையடிச் சுனைகள், குடைவரைக் கோயில் என்று பட்டியல் போட்டுச் சொன்ன இடம். இரண்டே ஆண்டில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராகத் திரண்டார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் திரண்டதுதான் முதல் காரணம், சந்தேகமே இல்லை. ஆனால் திரண்டவர்கள் கையில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலும் இருந்தது. நம் ஊருக்கு நாளைக்கு ஒன்று வந்தால், நாம் பீரோவைத் திறந்து கடற்பசுவையா காட்டுவது?

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். பதிவேட்டை எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும், வனத்துறையும் தாவரவியல் படித்தவர்களும் சரிபார்க்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை: தன் கண்ணால் பார்க்காததையோ, பார்த்தவர் பெயர் சொல்ல முடியாததையோ எழுதக்கூடாது. ஆண்டுதோறும் வரும் எட்டாம் வகுப்பு முந்தைய ஆண்டுப் பதிவைத் திருத்தட்டும். எது வந்தது, எது போனது என்று பத்தாண்டில் அந்த ஊருக்கே தெரியும். இதைவிட நல்ல வனக்கல்வியை நான் பார்த்ததில்லை. மருந்து ரகசியங்களை மட்டும், சொன்னவர் சம்மதம் இல்லாமல் எழுத வேண்டாம். அது அவர் சொத்து.

துண்டுச்சீட்டு வருகிறது. சரி, சரி. இரண்டாவது, காட்டுயிர். சுருக்கமாகச் சொல்கிறேன். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, வேட்டங்குடிக்கு வரும் பறவைகளுக்காக. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798லேயே கலெக்டரிடம் எழுதி வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. இதை இன்னும் விரித்துச் சொல்ல ஆசை. தண்ணீர் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். விழாக் குழுவினர் இன்னொரு முறை கூப்பிட்டால் அதை மட்டுமே பேசுகிறேன்.

இப்போது வேலைக்கு வருகிறேன். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்தில், பதிவேட்டைச் சபையில் வைத்து வாய்விட்டுப் படிக்க வேண்டும், திருத்தும் பணியில் பள்ளி மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மான வாசகத்தை எழுதி நகலெடுத்து வந்திருக்கிறேன். தலைவரம்மா முதல் பிரதியை இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டார். மீதி அந்த மேசையில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊருக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பொறுப்பாசிரியர்கள் போகும்முன் ஊர் பெயரை அங்கிருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள், நான் கேட்டுத் தொந்தரவு செய்ய வசதியாக இருக்கும். நன்றி, வணக்கம்.