தாங்கியில் டீசல் இருக்கிறது, உழவு இயந்திரம் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

(காட்சி: மட்டக்களப்பின் படுவான்கரை வயல். முன்சில்லு வரம்பில் ஏறியபடி நிற்கும் உழவு இயந்திரம்.)

வணக்கம் உறவுகளே! இந்த இயந்திரத்தைப் பாருங்கள். வரம்பு ஏறும்போது இரண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது. தாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்தோம். அடியில் நான்கு விரல் அளவுக்கு டீசல் இருக்கிறது. பற்றரியும் நல்லது. சாவியைத் திருப்பினால் சுழல்கிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. ஐப்பசி மழை இறங்குவதற்குள் விதைக்க வேண்டிய வட்டையில் இப்படி நின்றால் வயிறு கலங்கும். தயவுசெய்து சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். பத்து விநாடி, பிறகு ஓய்வு. பற்றரியும் இறங்கிவிட்டால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

டீசல் எஞ்சினில் பொறி விட்டுப் பற்றவைக்கும் பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக இறுக்கினால் அது கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானாகப் பற்றும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டியது இதைத்தான். பின்னணி இவ்வளவு போதும்.

முதலில் நிறுத்தும் இழுவை, அதாவது எஞ்சினை நிறுத்த இழுக்கும் பிடி, முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் புகைக்குழாயைக் கவனிக்க வேண்டும். வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. இங்கே புகை இல்லை.

(காட்சி: வாட்டர் பம்ப்.)

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. களுதாவளைத் தோட்டங்களில் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் இதைப் பார்த்ததும் சிரிப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும். வாட்டர் பம்ப்பின் குழாய்க்குள் காற்று நின்றால் என்ன நடக்கும்? பம்ப் முழு வேகத்தில் சுற்றும், கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கும், ஒரு சொட்டும் மேலே ஏறாது. அப்போது யாராவது பம்ப்பைக் கழற்றுகிறார்களா? இல்லை. பம்ப்பின் வாய்க்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, காற்றை விரட்டிவிட்டு மறுபடி ஓட்டுகிறோம். உழவு இயந்திரத்துக்கும் அதே நோய்தான். எங்கள் மெக்கானிக்குகள் "எயார் பிடித்துவிட்டது" என்பார்கள்.

ஆனால் இங்கே நோய் இன்னும் கடுமையானது. இதோ ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சு. தண்ணீர் நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்துகிறேன். அசையவில்லை, கல் மாதிரி நிற்கிறது. இப்போது சிறிது காற்றையும் உள்ளே விட்டு அழுத்துகிறேன். பாருங்கள், தண்டு பஞ்சில் அமுங்குவதைப் போல உள்ளே போகிறது! எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் முனைதான் இன்ஜெக்டர். அது திறக்க வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேல் வேண்டும். டீசல் பம்ப் கொடுக்கும் அழுத்தத்தை எல்லாம் குழாயில் நிற்கும் காற்றுக் குமிழி சுருங்கி விழுங்கிவிடுகிறது. ஒரு குமிழி ஓர் எஞ்சினையே நிறுத்திவிடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

காற்று எப்படி வந்தது? டீசல் குறைவு, வரம்பில் இயந்திரம் சரிந்தது, டீசல் ஒரு பக்கம் ஒதுங்கியது, குழாயின் வாய் வெளியே தெரிந்தது. அவ்வளவுதான். தாங்கியை நிரப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

(காட்சி: பில்டரின் தலை.)

மஸ்ஸி பெர்குசன் 240 போன்ற இயந்திரங்களில் தாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சும் சிறிய பம்ப்பின் பக்கத்தில் கைப்பிடி ஒன்று இருக்கும். பில்டர் தலையிலுள்ள காற்றுத் திருகை, அதாவது காற்றை வெளியே விடும் திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பிடியை அடியுங்கள். முதலில் நுரை வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும், கைப்பிடியை அடித்தபடியே இறுக்குங்கள். அடுத்து, இன்ஜெக்டருக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய பம்ப்பின் திருகுக்கும் இதையே செய்யுங்கள். கடைசியாக இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்தி, சாவியைத் திருப்புங்கள். டீசல் துள்ளியதும் இறுக்குங்கள். அந்த இடத்தில் கையை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

(ஒலி: எஞ்சின் தடுமாறி, பிறகு சீராக ஓடுகிறது.)

கேட்டீர்களா அந்தச் சத்தம்! கொஞ்ச நேரம் வேகம் கொடுக்காமல் ஓடவிடுங்கள்.

ஓடி ஓடி நின்று, சற்று ஆறியதும் மறுபடி ஓடும் இயந்திரம் என்றால் தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கலாம். மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். பில்டருக்குக் கீழுள்ள கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தெரிந்தால் வடித்துவிடுங்கள். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் வீட்டிலும் கானில் சேமிக்கும் பழக்கம் வந்தது. கானின் அடியில் தண்ணீர் தங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

நாளை மறுபடி எயார் பிடித்தால், தாங்கிக்கும் சிறிய பம்ப்புக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயைச் சந்தேகியுங்கள். பம்ப் அங்கே டீசலை உறிஞ்சுவதால், குழாயில் வெடிப்பு இருந்தால் அதன் வழியே காற்று உள்ளே போகும். வெளியே ஒரு சொட்டும் கசியாமல் இருக்கலாம். அதனால்தான் பலர் அதைக் கவனிப்பதில்லை, நல்ல பம்ப்பைக் கழற்றிவிடுகிறார்கள்.

உங்கள் இயந்திரத்தில் காற்றுத் திருகு எது என்று தெரியாவிட்டால் அதன் மாடலைக் கீழே எழுதுங்கள். அந்த மாடலைத் தேடிப் பிடித்து, திருகைத் தொட்டுக் காட்டி அடுத்த வீடியோ எடுக்கிறேன்.