சபாவும் பஜனையும் ஒரே மைதானத்தில்

(பெங்களூர் அல்சூரில் தமிழ் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

"நாலாயிரம் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கிட்டுப் போனேன் சார். மேடையில பாடுறவர் குரல் காதுல விழவே இல்ல. பக்கத்துல நின்ன பையன் முதல் பாட்டுலேர்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கத்திப் பாடிட்டு இருந்தான்." ராக் கச்சேரிக்குப் போய்விட்டு வருகிறவர்களில் ஒருவராவது இப்படிப் புலம்பாமல் இருப்பதில்லை. அதே கச்சேரிக்குப் போன இன்னொருவரைக் கேளுங்கள். "எல்லாரும் சேர்ந்து பாடினோம் பாருங்க, உடம்பே சிலிர்த்துப் போச்சு" என்பார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். இவர்களுக்கு நடுவில் இருக்கும் வழக்கைத்தான் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வழக்கில் வாய் திறக்க நமக்கு நல்ல தகுதி உண்டு. சபாக் கச்சேரியில் வித்வான் பாடும்போது கூடச் சேர்ந்து பாடினால் முன்வரிசைப் பெரியவர் திரும்பி முறைப்பார். தொடையில் தாளம் போடலாம், தலையாட்டலாம், பிடி நன்றாக விழுந்தால் 'பலே' சொல்லலாம். அதற்கு மேல் அனுமதி கிடையாது. மார்கழி பஜனைக்கு வாருங்கள், எல்லாம் தலைகீழ். பாகவதர் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார். அதைத் திருப்பிப் பாடாமல் வாயை மூடிக்கொண்டு நிற்பவனைத்தான் அங்கே ஒரு மாதிரி பார்ப்பார்கள். வில்லுப்பாட்டில் 'ஆமா' போட ஆள் இல்லாவிட்டால் கதையே நகராது.

ராக் கச்சேரியில் இந்த இரண்டும் ஒரே மைதானத்தில் நடக்கின்றன. சில நேரம் ஒரே பாட்டுக்குள்ளேயே மாறி மாறி வரும். எந்த இடம் சபா, எந்த இடம் பஜனை என்று தெரிந்துகொண்டு நிற்பவனை நான் நல்ல ரசிகன் என்பேன். என் கட்சி இவ்வளவுதான். இனி விவரத்துக்கு வருகிறேன்.

முதலில் பஜனைப் பக்கம். 1977இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் அருகே பிங்லி ஹாலில் குவீன் குழுவின் கச்சேரி நடந்தது. வாசித்து முடித்துக் குழுவினர் இறங்கிய பிறகும் கூட்டம் கலையவில்லை. கால்பந்து மைதானங்களில் பாடும் ஒரு பாட்டை எடுத்து, குழுவைப் பார்த்து எல்லோருமாகப் பாடினார்கள். கிடார் கலைஞர் பிரையன் மேக்கு அது மனதிலேயே நின்றுவிட்டது. நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஜனங்களால் என்ன செய்ய முடியும்? காலால் மிதிக்கலாம், கை தட்டலாம், பாடலாம். அந்த யோசனையில் பிறந்ததுதான் 'வீ வில் ராக் யூ'. இரண்டு மிதி, ஒரு தட்டு. அவருடைய சொந்தக் கிடாரே பாட்டின் கடைசியில்தான் வருகிறது, கவனித்திருப்பீர்கள். கேட்பவர்களுக்கு இடம் விட்டு எழுதிய பாட்டு அது.

அதே குழுவின் ஃப்ரெடி மெர்குரி 1985 ஜூலை 13ஆம் தேதி லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் சுமார் 72,000 பேருக்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். பக்கவாத்தியமே இல்லாமல் 'ஏ...ஓ' என்று ஒரு பிடி பாடுவார், நிறுத்துவார், மைதானம் அதைத் திருப்பிப் பாடும். அடுத்த பிடி கொஞ்சம் நீளம், அதற்கடுத்தது கொஞ்சம் வளைவு. அப்போதும் கூட்டம் விடாமல் பிடித்துக்கொண்டது. பள்ளிப் படிப்பை மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் படித்தவர் அவர். பஜனை எதையும் அங்கே கேட்டாரா என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் காணொளியை நம் பாகவதர் யாருக்காவது போட்டுக் காட்டுங்கள், "ஆள் தொழில் தெரிஞ்சவர்" என்று உடனே சொல்லிவிடுவார்.

பயிற்சியே இல்லாத கூட்டம் எப்படி இவ்வளவு சுருதியோடு பாடுகிறது? அமெரிக்கப் பாடகர் பாபி மெக்ஃபெரின் 2009இல் நியூயார்க்கில் நடந்த ஓர் அறிவியல் விழாவில் இதை அழகாகக் காட்டினார். மேடையில் ஓர் இடத்தில் குதித்து அதற்கு ஒரு சுரம் பாடிக் காட்டினார். பக்கத்தில் இன்னோர் இடம், அதற்கு இன்னொரு சுரம். மூன்றாவது இடத்துக்குத் தாவியபோது அவர் வாயே திறக்கவில்லை, சபையே சரியான சுரத்தைப் பிடித்துவிட்டது. ஐந்து சுர வரிசை அது. நம் மோகனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராக் கிடாரில் திரும்பத் திரும்ப வரும் ஐந்து சுர வரிசை நம் சுத்த தன்யாசியோடு பொருந்தும். கோரஸ்களும் பெரும்பாலும் ஒரு ஸ்தாயிக்குள், சில சுரங்களிலேயே அடங்கிவிடும். எந்தத் தொண்டைக்கும் எட்டுகிற உயரத்தில்தான் அவற்றைக் கட்டுகிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். 2007 மார்ச் 17ஆம் தேதி அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ராத்திரி பஸ் ஏறி வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் குழுவின் ரசிகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. 1992இல் வந்த 'ஃபியர் ஆஃப் த டார்க்' பாட்டில் கிடார் வாசிக்கும் மெட்டுக்கு வார்த்தை கிடையாது. ரசிகர்கள் அதை 'ஓ ஓ ஓ' என்று வாயாலேயே பாடுவார்கள். உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இது நடக்கும். பாட்டுக்கு வார்த்தை வேண்டும், வார்த்தைக்குப் பொருள் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அந்த இடத்தில் எடுபடாது.

மொழி என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பாடகர் ரகு தீட்சித் மேடையேறி, கன்னட ஞானக்கவி சிசுநாள ஷரீஃபரின் பாடலைக் கன்னடத்தில் பாடும்போது, தமிழ் வீட்டுப் பிள்ளைகள் வரிக்கு வரி கூடவே பாடுவார்கள். மொழியை வைத்து இந்த நகரம் பட்ட காயங்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க முடியாது. அதனாலேயே அந்தக் காட்சியை நான் ரொம்பவும் மதிக்கிறேன். 2015இல் பிரிட்டனில் பியர்ஸ், லானே, டன்பார் என்னும் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்களையும் கைவினை, எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களையும் ஏழு மாதம் கவனித்தார்கள். ஏழாம் மாதம் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் பாட்டு வகுப்பில் அது முன்னதாகவே வந்துவிட்டது. முகம் தெரியாதவர்களைச் சீக்கிரம் சேர்த்து வைக்கிற வேலையைச் சேர்ந்து பாடுவது செய்கிறது.

சரி, இதில் சிக்கல் எங்கே? இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்றால் பாட்டு உங்களிடம் வர 0.3 வினாடி ஆகிறது. நீங்கள் அதைக் கேட்டுத்தான் பாடுகிறீர்கள். உங்கள் குரல் மேடைக்குப் போக இன்னொரு 0.3 வினாடி. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு அரை வினாடிதான். ஆக, பின்வரிசையின் குரல் மேடைக்குப் போய்ச் சேரும்போது ஒரு தட்டுக்கு மேல் பிந்திவிட்டது. அதைக் காதில் வாங்கிக்கொண்டு பாடினால் எப்பேர்ப்பட்ட பாடகருக்கும் தாளம் தடுமாறும். அதனால்தான் பாடகர்கள் மேடைச் சத்தத்தை நேராகக் காதுக்குக் கொடுக்கும், அடைப்பான் போன்ற மானிட்டர் என்னும் சின்ன ஸ்பீக்கரைக் காதுக்குள் போட்டுக்கொள்கிறார்கள். மைதானத்தின் நடுவில் நிறுத்தியிருக்கும் ஸ்பீக்கர் கோபுரங்களுக்கு, மேடையிலிருந்து வரும் ஒலியோடு சேர்ந்து கேட்கும்படி வேண்டுமென்றே ஒலியைத் தாமதித்து அனுப்புவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

காதை அடைத்துக்கொண்டால் கூட்டம் கேட்காதே? கேட்காதுதான். அதற்காக மேடை ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்து மைக் வைத்து, அந்தச் சத்தத்தைத் தனியாகக் கலந்து காதுக்கு அனுப்புவதும் உண்டு. அது போதாதென்று சில பாடகர்கள் ஒரு காதிலிருந்து மானிட்டரைப் பிடுங்கித் தோளில் தொங்கவிடுவார்கள். அடுத்த முறை பாருங்கள். அவர் அதைப் பிடுங்குகிறார் என்றால் உங்கள் குரலைக் கேட்க ஆசைப்படுகிறார் என்று அர்த்தம். மைக்கை நம் பக்கம் திருப்புவது, டிரம்ஸ் தவிர மற்ற எல்லாம் நின்றுபோவது, மேடை விளக்குகள் சட்டென்று கூட்டத்தின் முகத்தில் அடிப்பது, எல்லாம் அதே அழைப்புத்தான். அப்போது வெட்கப்படாமல் தொண்டை திறந்து பாடுங்கள். அபஸ்வரமானாலும் பாதகமில்லை, ஆயிரம் பேர் குரலில் அது கரைந்துவிடும்.

அழைப்பு இல்லாத இடம் சபா. ஒரே ஒரு கிடாரோடு பாடகர் குரலைத் தாழ்த்தி ஒரு பாட்டை எடுக்கிறார், அல்லது யாரோ தனியாவர்த்தனம் மாதிரி வாசிக்கிறார். அங்கே நம் குரலுக்கு வேலை இல்லை. முணுமுணுத்துக்கொள்ளலாம், உதடு அசைக்கலாம். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,000க்கும் மேற்பட்டவர்கள் போட்ட கூச்சலில், தாங்கள் வாசிப்பதே அவர்களுக்குக் கேட்கவில்லை. மறு வருடம் ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ கச்சேரியோடு சுற்றுப்பயணத்தையே நிறுத்திவிட்டார்கள். காரணங்கள் பல உண்டு, இதுவும் ஒன்று. அன்பினால்தான் கத்தினார்கள், சந்தேகமில்லை. அந்த அன்பே ஒரு குழுவை மேடையிலிருந்து இறக்குவதில் பங்கு வகித்தது.

ஆனாலும் கூடப் பாடுகிறவனை நான் மன்னித்துவிடுவேன், அவன் பாட்டோடு இருக்கிறான். மெதுவான பாட்டின் நடுவில் ஆபீஸ் கதையும் வீட்டு வாடகைக் கதையும் பேசுகிறவர்களை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை. நம் ஊரில் இது அதிகமாகிக்கொண்டே போகிறது. போனைத் தூக்கிப் பிடித்து முழுப் பாட்டையும் படம் எடுப்பவரும் பின்னால் நிற்பவரின் கண்ணை மறைக்கிறார். அமெரிக்க ராக் பாடகர் ஜேக் ஒயிட் போன்றவர்கள் போனை உறையில் போட்டுப் பூட்டச் சொன்னதுண்டு. நம்மிடமும் அப்படிக் கேட்கும் நாள் வந்தால் எனக்குச் சம்மதம்.

இரண்டு உலகமும் மோதாமல் சேரும் இடத்தைப் பார்க்க ஆசையென்றால், நம் பெங்களூர்க் குழுவான அகம் கச்சேரிக்குப் போங்கள். தியாகராஜர் கீர்த்தனையை டிரம்ஸும் கிடாருமாக எடுப்பார்கள். சபாவில் அதே கீர்த்தனைக்கு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர், இங்கே எழுந்து நின்று கையை உயர்த்திப் பல்லவியைப் பாடுவார். ஆலாபனை தொடங்கியதும் அவரே அடங்கிவிடுவார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, இரண்டு பழக்கமும் அவருக்குள் ஏற்கெனவே இருக்கின்றன.

கூட்டம் என்றாலே பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மேடை முன்னால் இளைஞர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஆடுவதைப் பார்த்து மிரள்கிறோம். 2013இல் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் அதை ஆராய்ந்து, அந்த அசைவு வாயுவின் மூலக்கூறுகள் அலைவதைப் போல இருக்கிறது என்று கட்டுரை எழுதினார்கள். அந்த ஆட்டத்துக்கும் எழுதாத சட்டம் உண்டு. விழுந்தவனை உடனே தூக்கிவிட வேண்டும். பெண்கள் மேல் கை வைப்பவனுக்கு அங்கே இடம் கிடையாது, அப்படி நடந்தால் சுற்றியிருப்பவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது.

1979 டிசம்பரில் சின்சினாட்டியில் 'தி ஹூ' குழுவின் கச்சேரிக்கு வந்த 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். 2025 ஜூன் 4 அன்று நம் சின்னசாமி மைதானத்தில் 11 பேரை இழந்தோம், அது கிரிக்கெட் வெற்றி விழா. இரண்டு இடத்திலும் உயிர் போனது உள்ளே செல்லும் வாசல்களில். பாட்டின் மேல் பழி போடுவதற்கு முன்னால் எத்தனை கதவு திறந்திருந்தது என்று கேளுங்கள். 2011 அக்டோபர் 28இல் குர்கானில் மெட்டாலிகா கச்சேரியைத் தடுப்புவேலி உடைந்ததால் தொடங்காமலேயே கைவிட வேண்டி வந்தது. கோபத்தில் சிலர் மேடையேறிப் பொருள்களை உடைத்தார்கள். இரண்டே நாள் கழித்து அதே குழு நம் அரண்மனை மைதானத்தில் முழுக் கச்சேரியும் வாசித்துவிட்டுப் போனது.

இன்றைய நம் கூட்டம் தொடங்கும் முன் ஓர் அம்மா கேட்டார், "பத்தாவது படிக்கிற பொண்ணு போகணும்ங்கறா, அனுப்பலாமா?" என்று. கூடப் போங்கம்மா. பாடுகிற மேடைக்குப் பக்கத்தில் வேண்டாம், சவுண்ட் இன்ஜினியர் ஒலியைக் கலக்கும் மிக்ஸர் போட்டு உட்கார்ந்திருக்கும் தனி மேடைக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நில்லுங்கள். மைதானத்தில் ஒலி நன்றாகக் கேட்கும் இடம் அது, நெரிசலும் குறைவு. அப்புறம், காதுக்குப் பஞ்சு வைத்தால் போதாது. மருந்துக் கடையில் மெத்தென்ற அடைப்பான் கிடைக்கும். அதை மெல்லியதாக உருட்டி, காதுக்குள் விட்டு, விரியும் வரை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான் கணக்கு. ராக் கச்சேரி அதைச் சுலபமாகத் தொட்டுவிடும். அடைப்பான் போட்டால் நம் குரல் நம் தலைக்குள்ளேயே கணீரென்று ஒலிக்கும். கத்தத் தோன்றாது, சுருதி சேர்கிறதா என்றும் தெரிந்துவிடும். இரண்டு ஜோடியாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று உங்களுக்கு.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நன்றி.