ஐஸ் பெட்டியும் மூன்று தீவுகளும்

நேயர்களுக்கு வணக்கம். மின்சாரத்தைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். நான் ஒரு ஐஸ் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆட்களோடு சாமான்களும் படகில் ஏறும். அரிசி மூட்டை, சைக்கிள், காஸ் சிலிண்டர். ஒருமுறை என் பக்கத்தில் ஒரு மீனவர் ரெஜிபோம் பெட்டியொன்றை அணைத்தபடி இருந்தார். சாக்கால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே ஐஸ். ஒரு மணி நேரப் பயணம். பாதி தூரம் போகுமுன்பே பெட்டியின் மூலை ஒழுகி என் செருப்பெல்லாம் நனைந்துவிட்டது. "குறை நினையாதேங்கோ ஐயா. முக்கால்வாசி மிஞ்சினாலே எனக்கு நல்ல நாள்" என்றார். மீன் பிடிபடுவது தீவில், அதைக் காக்கிற ஐஸ் வருவது கடல் தாண்டி. அங்கேயே உறைய வைக்கலாமே என்று கேட்டேன். "கரண்டை நம்பி ஐஸ் போட ஏலாது" என்றார்.

அந்தக் கரண்ட் டீசல் கரண்ட். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு இணையாதவை. மின்பிறப்பாக்கிக்கு வேண்டிய டீசலும் அதே கடலால்தான் வரவேண்டும். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பினால் படகு ஓடாது. யோசித்துப் பாருங்கள், படகை மறிக்கிற அந்தச் சோளகம்தான் காற்றாலையை நன்றாகச் சுற்றக்கூடியது!

2021 ஜனவரியில் அதற்கு வழி திறந்தது. இந்த மூன்று தீவுகளிலும் சூரியசக்தி, காற்றாலை, பற்றரி எல்லாம் சேர்ந்த மின்நிலையங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கி உதவியோடு, சீன நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இராமேசுவரத்துக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த வருடம் டிசம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. நிறுவனம் மாலைதீவுக்குப் போய்விட்டது. அடுத்த மார்ச்சில் அதே திட்டத்தை இந்தியா நன்கொடையாகத் தர ஒப்பந்தம். பெங்களூர் நிறுவனமொன்றின் கைக்கு வேலை வந்தபோது 2024 மார்ச்.

மூன்று வருடத்துக்கு மேல். அதற்கிடையில்தான் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. பெற்றோல் செட்டில் நாள்கணக்காக வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 13 மணி நேர மின்வெட்டும் அந்த வருடம்தான். ஒரு சொட்டு டீசலும் அருமையாக இருந்த அந்தக் காலத்தில், தீவின் வெயிலும் காற்றும் சும்மா போய்க்கொண்டிருந்தன.

இந்தியாவின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. பாக்குநீரிணை ஒடுக்கமான கடல். ஆனால் திட்டம் எவ்வளவு பெரிது? சூரியசக்தி 1,700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட், மூன்று தீவுக்கும் சேர்த்துத்தான். இதற்காக இரண்டு வல்லரசுகள் இழுபறிப்பட்டபோது, ஐஸ் பெட்டிக்காரரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. யார் கட்டினாலும் கட்டட்டும், பற்றரியைத் திருத்தத் தெரிந்த பிள்ளைகள் அந்தத் தீவிலேயே இருக்கவேண்டும். கூட்டங்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். உதிரிப்பாகத்துக்கு வெளிநாட்டைப் பார்த்திருந்தால், டீசலுக்குப் பார்த்திருந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மன்னாரைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்தேன். அங்கே மின்சார சபை அமைத்த தம்பபவனி காற்றாலைகள் சுற்றுகின்றன. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை அமைக்க வந்த அதானி நிறுவனம், 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. மன்னார் மக்களின் எதிர்ப்பிலும் நியாயம் இருந்தது, பறவைகள் வரும் வழி அது.

சரி, நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். திருகோணமலைப் பக்கத்துச் சம்பூரை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவோடு திட்டமிட்ட நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, இப்போது அங்கே 120 மெகாவாட் சூரிய மின்நிலையம் வருகிறது. அப்புறம் இந்தியாவோடு இணைக்கத் திட்டமிட்டிருக்கும் மின்கம்பி. அதில் மின்சாரம் இரண்டு பக்கமும் ஓடலாம், சோளகக் காலத்தில் நாம் விற்கவும் செய்யலாம். விலையை யார் தீர்மானிப்பது என்பதை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.