பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

நடையிலோ பேச்சிலோ வளர்ச்சி தாமதமாகிறதே என்று குழந்தையை அழைத்துவரும் பெற்றோர் முதலில் கேட்பது, "இதற்கு என்ன பெயர்?" என்றுதான். பெயரைச் சொன்னால், "குணமாகுமா?" என்கிறார்கள். உடனே பெயர் சொல்ல முடியாதென்றால், "அப்படியானால் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கிறோம்" என்று எழுந்துவிடுகிறார்கள். எனக்குக் கவலை இந்தப் பொறுத்துப் பார்த்தல்தான். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆறு மாதம் என்பது அதன் வாழ்நாளில் நான்கில் ஒரு பங்கு. ஒரு பெயருக்காக அதைச் செலவழித்துவிடக் கூடாது.

முதலில், எதற்குக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டது. பிடிமானமின்றித் தனியாக நடப்பது சில குழந்தைகளுக்கு 8 மாதத்திலேயே வந்திருக்கிறது. சிலருக்கு 17 மாதம் கடந்த பிறகுதான் வந்தது. நூற்றில் நான்கு பேர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடுகிறதே என்று 13 மாதத்தில் ஏங்குவது வீண். ஆனால் 18 மாதம் ஆகியும் நடக்கவில்லையென்றால், ஆளுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆண் குழந்தை என்றால், தசைச் சிதைவு நோய் உண்டா என்று அறிய எளிய ரத்தப் பரிசோதனை ஒன்றும் இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஒரு சலுகை உண்டு. இரண்டு மாதம் முந்திப் பிறந்திருந்தால், இரண்டு வயது வரையில் அந்த இரண்டு மாதத்தைக் கழித்தே கணக்கிட வேண்டும்.

சீக்கிரம் வருவதும் சில நேரம் நல்லதல்ல. ஒரு வயதுக்குள்ளேயே குழந்தை எதற்கும் வலக்கையை மட்டும் நீட்டுகிறதென்றால், பழக்கம் அதற்குள் படிந்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். அந்த வயதில் இரண்டு கைகளும் ஏறக்குறைய சமமாக இயங்க வேண்டும். இடக்கை ஏன் சும்மா இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு தடைப்படும் மூளை முடக்குவாதத்தின் முதல் அடையாளமாக அது இருக்கலாம்.

தாமதங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. ஒரு குழந்தை எல்லாரும் போகும் வழியில்தான் போகிறது, மெதுவாகப் போகிறது. இன்னொரு குழந்தை வேறு வழியில் போகிறது. கேட்ட விளம்பரத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கும், தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது. மூன்றாவது, வந்தது போய்விடுவது. பத்துச் சொல் பேசிய குழந்தை பேச்சை நிறுத்திவிட்டது, கையசைத்து விடைகொடுத்த குழந்தை அதை மறந்துவிட்டது என்றால், எந்த வயதானாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அரிதாக, தூக்கத்தில் மூளைக்குள் எழும் வலிப்பு அலைகளே பேச்சைப் பறித்துவிடுவதுண்டு. வெளியே பார்ப்பவர்களுக்கு வலிப்பு எதுவும் தெரியாது.

பெரும்பாலான பெற்றோர் வருவது பேச்சுக்காக. ஒரு வயதையொட்டி முதல் சொற்கள், இரண்டு வயதில் "பால் தா", "அம்மா வா" என்று இரண்டைச் சேர்ப்பது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். சொல்லுக்கு முன்னால் வருபவற்றைத்தான் கவனிப்பதில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் கவனித்திருக்கிறார்கள். தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை, அதற்குப் பிறகு அம்புலி. நிலவைக் காட்டி, குழந்தையோடு விளையாட வா என்று அதை அழைக்கும் பருவம். இன்று ஒன்றரை வயதில் மருத்துவர்கள் தேடுவதும் இதைத்தான். நீங்கள் விரல் நீட்டினால் குழந்தை விரலையே பார்க்கிறதா, விரல் காட்டும் நிலவைப் பார்க்கிறதா? தானே ஒன்றைச் சுட்டிக்காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? பொம்மை வேண்டுமென்று கை நீட்டுவது வேறு, "அதோ பார்" என்று பகிர்வது வேறு. இந்தப் பகிர்தல் வராவிட்டால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டால், பிறரோடு பழகுவதும் பகிர்வதும் வேறு விதமாக வளரும் ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதோடு காதையும் பார்க்க வேண்டும். பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் செவித்திறன் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் "ங்கா" என்று குரல் கொடுக்கும். வீட்டார் அதில்தான் ஏமாறுகிறார்கள். கதவைச் சாத்தினால் திரும்புகிறான் என்பது சான்றாகாது. அதிர்வை உடம்பே உணர்ந்துவிடும். கனத்த ஒலி கேட்டு, மெல்லிய மெய்யொலிகள் கேளாத காதுகளும் உண்டு. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு.

அடுத்தது, குற்றவாளியைத் தேடும் வேலை. 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை விவரித்தார். அதன் பின் நெடுங்காலம், பாசமில்லாத தாயால்தான் இது வருகிறது என்று படித்தவர்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் அதை மறுத்து, காரணம் உடலியல் சார்ந்தது என்று வாதிட்டார். பிறகு பழி தடுப்பூசிமேல் விழுந்தது. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து, 12 குழந்தைகளை வைத்து 1998இல் வெளியான கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. வீட்டில் இரண்டு மொழி பேசுவதும் காரணமல்ல. அதற்காகத் தாய்மொழியை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள்.

பெயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறவித் தைராய்டு குறைபாட்டைக் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்து, முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரையைத் தொடங்கினால், அறிவு வளர்ச்சி பாதிக்கப்படாமல் காப்பாற்ற முடிகிறது. குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்தால் இதயத்தையும் பரிசோதிப்பார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதில் குறை இருக்கும். உரிமைகளையும் சலுகைகளையும் பெறவும் பெயர் தேவைப்படலாம். ஆனால் பேச்சுப் பயிற்சிக்கும் இயன்முறைப் பயிற்சிக்கும் பெயர் நுழைவுச்சீட்டு அல்ல. ஐந்து வயதுக்குள் பல துறைகளில் பின்தங்கும் குழந்தைக்கு மருத்துவர்களே 'ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்' என்று தற்காலிகமாகத்தான் எழுதுகிறார்கள்; பயிற்சியோ அன்றே தொடங்கலாம்.

பயிற்சியாளரோடு குழந்தை இருப்பது வாரத்தில் சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் உங்களோடு. அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே பேசுங்கள். நீங்கள் விரும்பும் படப் புத்தகத்துக்கு இழுக்காதீர்கள். கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு பொருளைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பாசமுள்ளவர்களுக்கு இந்தக் காத்திருப்புதான் கடினம். சொல் வராவிட்டால் பார்வையையும் விரலையும் பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தில் முற்றிலும் குணம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தையும் குழந்தையையும் கொடுக்காதீர்கள்.

பள்ளி வயதில் தெரியவரும் கற்றல் குறைபாடும் கவனக் குறைபாடும் தனிப் பேச்சுக்கு உரியவை; இன்று அவற்றைத் தொடவில்லை.

மருத்துவரைப் பார்த்தால், "அடுத்து எப்போது வர வேண்டும், அதுவரை வீட்டில் என்ன செய்ய வேண்டும்?" என்று கட்டாயம் கேளுங்கள். போகும்போது பிறப்பு விவரங்களையும், எந்த மாதத்தில் என்ன வந்தது என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். கைபேசியில் ஒரு காணொளியும் இருக்கட்டும். மருத்துவமனையில் அழுதுகொண்டே இருக்கும் குழந்தை வீட்டில் என்ன செய்கிறது என்பது அதில்தான் தெரியும். சொல்லிக்கொடுத்து நடிக்க வைக்க வேண்டாம். தன்போக்கில் விளையாடும் இரண்டு நிமிடம் போதும்.